சுவரைவிட மெலிந்த சாந்து

கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ பழைய தெரு ஒன்றில் நடந்தால் சுவர்களைக் கவனியுங்கள். தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குச் சாம்பல் நிறத்தில் சிமென்ட் பூச்சு இருக்கும். பார்க்கக் கெட்டியாக, புதுசாக இருக்கும். அது முடிகிற இடத்துக்கு மேலே ஒரு முழ அகலத்துக்குச் செங்கல் பொரிந்து, தொட்டால் மாவாக உதிரும். வீட்டுக்காரரைக் கேட்டால், "சிமென்ட் போட்ட இடம் நல்லாத்தான் இருக்கு, மேலதான் உப்பு அரிக்குது. அதையும் சேர்த்துப் பூசிடணும்" என்பார். பூசுவார். சில மழைக்காலம் போனபின் பார்த்தால், அரிப்பு புதுப் பூச்சையும் தாண்டி இன்னும் மேலே ஏறியிருக்கும்.

அரிப்பை மேலே ஏற்றிவிட்டதே அந்தப் பூச்சுதான். பழைய கட்டடத்தைச் சுண்ணாம்புச் சாந்தில்தான் பழுதுபார்க்க வேண்டும் என்று தொல்லியல் துறையினரும் மரபுக் கட்டடக் கலைஞர்களும் திரும்பத் திரும்பச் சொல்வதைப் பலர் பழம்பெருமை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் அது ஈரமும் உப்பும் சுவருக்குள் எப்படி நடமாடுகின்றன என்பது பற்றிய விஷயம். காவிரி டெல்டாவில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

கல் இல்லாத நிலம்

காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் டெல்டா. தோண்டினால் களிமண் வரும், மணல் வரும், பாறை வராது. தஞ்சைப் பெரிய கோயிலின் கருங்கல்லே வெளியிலிருந்து வந்ததுதான். ஆகவே இங்கே இயல்பாகக் கைக்குக் கிடைத்தது செங்கல்லும் சுண்ணாம்பும். 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் வடக்கே மண்டகப்பட்டில் குடைவரை எடுத்தபோது, செங்கல், மரம், உலோகம், சுதை (சுண்ணாம்புச் சாந்து) எதுவும் இல்லாமல் இதை ஆக்கினேன் என்று கல்வெட்டில் பெருமையாகப் பொறித்தான். அன்றைக்கு மற்ற கோயில்கள் எதனால் கட்டப்பட்டன என்பது அதிலேயே தெரிகிறது. கற்றளிகள், அதாவது கல்லால் கட்டிய கோயில்கள், டெல்டாவில் பரவலாக எழுந்தது 10ஆம் நூற்றாண்டில்தான்; அதில் சோழ அரசி செம்பியன் மாதேவியின் பங்கு பெரிது. கோனேரிராசபுரத்தில் கணவர் கண்டராதித்தர் பெயரில் அவர் எடுத்த கோயில் இன்றும் நிற்கிறது.

கல் வந்த பிறகும் செங்கல் போகவில்லை. பெரும்பாலான கோபுரங்களில் கல்வேலை கீழ்ப்பகுதியோடு நின்றுவிடும். அதற்கு மேலே நிலை நிலையாகச் செங்கல், சுண்ணாம்பு, சுதைச் சிற்பம். தஞ்சையில் நாயக்கர் எழுப்பி மராட்டியர் வளர்த்த அரண்மனை, தரங்கம்பாடியில் டேனியர் 1620இல் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டை, அதே ஊரில் 1718ஆம் ஆண்டின் புதிய எருசலேம் தேவாலயம், தஞ்சாவூரில் 1779ஆம் ஆண்டின் சுவார்ட்ஸ் தேவாலயம், இரண்டாம் சரபோஜி 1814-15இல் மல்லிப்பட்டினம் பக்கம் கடலைப் பார்த்து எழுப்பிய மனோரா, ராமேசுவரம் போகிற வழியெங்கும் உள்ள சத்திரங்கள், அக்கிரகாரத்துத் திண்ணை வீடுகள். சுண்ணாம்புக் காரை போட்டுக் கட்டிய உலகம் இது. நாம் இப்போது பழுதுபார்த்துக்கொண்டிருப்பதும், பழுதுபார்க்கிறேன் என்று கெடுத்துக்கொண்டிருப்பதும் இதைத்தான்.

ஓதம் ஏறும் வழி

செங்கல்லுக்குள்ளும் சாந்துக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது மாதிரி அவை நிலத்து ஈரத்தை மேலே இழுக்கும். நம் ஊரில் இதைத்தான் ஓதம் என்கிறோம். இன்றைய வீடுகளுக்குப் போடுவதுபோல ஈரத்தடுப்புப் பட்டை எதுவும் பழைய சுவர்களில் கிடையாது. ஆற்றில் தண்ணீர் வந்து வயல்கள் நிரம்பினால் கிணற்று நீர்மட்டம் உயர்கிற ஊர்கள் இவை. ஐப்பசி, கார்த்திகை அடைமழை வேறு. ஆகவே சுவரின் அடி வருஷத்தில் பாதி நாள் நனைந்தே இருக்கும்.

ஏறிய நீர் எங்காவது ஆவியாகியே தீர வேண்டும். நீர் போய்விடும், அதோடு வந்த உப்பு தங்கிவிடும். எந்த இடத்தில் ஆவியாகிறதோ அந்த இடத்தில் உப்பு படிகமாகும். படிகம் வளரும்போது துளையின் பக்கங்களை நெட்டித் தள்ளும். நெட்டித் தள்ளிய இடம் நொறுங்கும். சுவரில் நடக்கும் அழிவு இவ்வளவுதான். மிச்சமெல்லாம் 'அந்த இடம் எது' என்ற கேள்விதான்.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரில் செங்கல்லைவிடச் சாந்துக்கு ஈரத்தை வெளியே விடும் குணம் அதிகம். அதனால் நீர் பெரும்பாலும் செங்கற்களுக்கு இடையிலான மூட்டுகளின் வழியாகவும் பூச்சின் வழியாகவும் வெளியேறும். உப்பும் அங்கேதான் பூக்கும். வருஷங்கள் போனால் சாந்து உதிரும், பூச்சு பொருக்கு விடும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தால் போதும். செங்கல் தப்பித்துக்கொள்ளும். சாந்து செங்கல்லுக்குப் பதிலாக அடிவாங்குகிறது என்று சொல்லலாம். அதுதான் அதன் வேலையே.

இப்போது அந்த மூட்டில் சிமென்ட் கலவையை வைத்து அடையுங்கள். சிமென்டில் துளைகள் நுண்மையானவை, நீர் எளிதில் போகாது. வெளியேற வழி தேடும் ஈரத்துக்கு மிஞ்சுவது செங்கல்தான். காவிரிக் களிமண்ணில் செய்து, விறகும் உமியும் போட்டு மிதமான சூட்டில் சுட்ட பழைய செங்கல் இன்றைய சேம்பர் சூளைச் செங்கல் அளவுக்குக் கெட்டியானது அல்ல. மூட்டு அப்படியே நிற்க, செங்கல் மட்டும் குழிந்து போன சுவர்களைப் பார்த்திருப்பீர்கள். சிமென்ட் கோடுகள் வலைபோலத் துருத்திக்கொண்டு நிற்கும், நடுவில் செங்கல் இருந்த இடம் பள்ளமாகக் கிடக்கும். சுவர் முழுக்கச் சிமென்ட் பூசினால் இன்னும் மோசம். பூச்சுக்குப் பின்னால் ஈரம் தேங்கி, வழி கிடைக்கும்வரை மேலே ஏறும். கும்பகோணத்துச் சுவரில் அந்த ஒரு முழ அரிப்பு வந்தது இப்படித்தான்.

எந்த உப்பு என்பதும் இடத்துக்கு இடம் மாறும். நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடி பக்கம் சாப்பாட்டு உப்பேதான், சோடியம் குளோரைடு. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் இந்த உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சிக் கரையும். குறைந்தால் மறுபடி படிகமாகும். கடலோரத்தில் ஒரே நாளில்கூட இந்தக் கோட்டைத் தாண்டித் தாண்டி வரலாம். மழையே பெய்யாத நாளில் காலையில் சுவர் வேர்த்திருப்பதற்குக் காரணம் இது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்து மாடியைக் கொத்திப் போட்டவர்கள் உண்டு.

உள்ளே தள்ளி, மாட்டுக் கொட்டிலை ஒட்டிய சுவர்களில் நைட்ரேட் உப்புகள் இருக்கும். கோமியம் ஊறிய மண்ணிலிருந்து வருவது. ஒரு காலத்தில் வெடியுப்பு காய்ச்ச இப்படிப்பட்ட மண்ணைத்தான் தேடினார்கள். எல்லாவற்றிலும் பொல்லாதது சோடியம் சல்பேட். நீரற்ற நிலையிலிருந்து நீர் கோத்த படிகமாக மாறும்போது அதன் பருமன் மூன்று மடங்குக்கு மேல் ஆகிறது. அந்த மாற்றம் நடக்கும் எல்லை சுமார் 32 டிகிரி. டெல்டாவில் வருஷத்தில் பல மாதம் பகலில் அதற்கு மேலே, இரவில் அதற்குக் கீழே. ஒவ்வொரு நாளும் ஒரு நெட்டு. கொடுமை என்னவென்றால், சிமென்டிலேயே கார சல்பேட்டுகள் கொஞ்சம் கலந்திருக்கும். அரிப்பை அடைக்கப் பூசிய பூச்சே சுவருக்குக் கூடுதல் உப்பைக் கொண்டுவந்து கொடுக்கிறது.

வலு எவ்வளவு வேண்டும்?

"சுண்ணாம்புல பிடிப்பு இருக்காது சார், கொஞ்சம் சிமென்ட் போட்டாதான் நிக்கும்" என்பது எல்லா வேலையிடத்திலும் கேட்கிற பேச்சு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செங்கல் கட்டு ஒரு கன மீட்டர் சுமார் 1.9 டன். 10 மீட்டர் உயரச் சுவரின் அடியில் ஒரு சதுர மீட்டருக்கு 19 டன் விழும். சதுர மில்லிமீட்டருக்கு 0.19 நியூட்டன். தளம், கூரை, அதன்மேல் நடமாடும் ஆட்கள் எல்லாம் சேர்த்து இரட்டித்தால்கூட 0.4 வராது. முதிர்ந்த சாதாரணச் சுண்ணாம்புச் சாந்து 1 நியூட்டன் அளவுக்குத் தாங்கும். 1:6 சிமென்ட் கலவை (ஒரு பங்கு சிமென்ட், ஆறு பங்கு மணல்) 3 தாங்கும், 1:3 அதற்கும் பல மடங்கு. சரி, அந்த மிச்ச வலுவை வைத்துக்கொண்டு அந்தச் சுவர் என்ன செய்யப்போகிறது?

பழைய சுவருக்குத் தேவை கொஞ்சம் அசைந்து கொடுக்கும் குணம். டெல்டாக் களிமண் மழையில் ஊறிப் பெருகும், சித்திரையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அதன்மேல் ஆழம் குறைந்த அஸ்திவாரத்தில் நிற்கும் சுவர் வருஷா வருஷம் மயிரிழை அளவுக்கு ஏறி இறங்கும். சுண்ணாம்புச் சாந்து அந்த அசைவை நூற்றுக்கணக்கான மூட்டுகளில் சிறு சிறு கீறல்களாகப் பங்கு போட்டுக்கொள்ளும். பின்னர் மழை ஈரத்தில் கரைந்த சுண்ணாம்பு அந்தக் கீறல்களிலேயே வந்து படிந்து, மெல்லியவற்றை அடைத்தும் விடும். சிமென்டில் கட்டியது அசையாமல் பிடிவாதமாக நின்று, கடைசியில் ஒரே இடத்தில் செங்கல்லையும் பிளந்துகொண்டு மேலிருந்து கீழ்வரை வெடிக்கும்.

அதனால் பழுதுபார்க்கும் சாந்து எப்போதும் சுவரைவிட மெலிந்ததாக இருக்க வேண்டும். கட்டுமானப் படிப்பில் நாம் படித்துவிட்டு வருவதற்கு நேர் எதிரான விதி இது. பொறியாளர்களுக்குத்தான் இதை ஏற்பது கஷ்டம். கொத்தனார்கள் ஒரு சுவரை உடைத்துக் காட்டினால் புரிந்துகொண்டுவிடுகிறார்கள். "கொஞ்சம் சிமென்ட்" என்கிற சமரசமும் எடுபடாது. அந்தக் கொஞ்சம் சிமென்ட் முந்திக்கொண்டு இறுகிவிடும், சுண்ணாம்பு தன் வேலையைச் செய்ய விடாது, உப்பையும் உள்ளே விடும். இரண்டின் நல்ல குணமும் கிடைக்காமல் போகும்.

கிளிஞ்சலும் சுக்கானும்

சுண்ணாம்பின் வேதியியல் எளிமையானது. கிளிஞ்சலோ சுண்ணாம்புக் கல்லோ, 100 கிலோவைக் காளவாயில் 900 டிகிரி சூட்டில் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்து 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதை நீற்றினால் 18 கிலோ நீரைக் குடித்துக்கொண்டு கொதித்துப் பொங்கி 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பாகும். சுவரில் வைத்தபின் காற்றிலிருந்து அந்தக் கரியமில வாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, நீரை விட்டுவிட்டு, மறுபடி 100 கிலோ கல்லாகும். இந்தக் கடைசிப் படிதான் மெதுவானது. மேற்பரப்பு சில நாளில் இறுகும், உள்ளே போகப் போக வேகம் குறையும். தடித்த சுவரின் நடுவில் சாந்து கல்லாக வருஷக்கணக்கில் ஆகும்.

கடலோரத்தில் கிடைக்கும் கிளிஞ்சலைச் சுட்டால் வெள்ளை வெளேரென்ற தூய சுண்ணாம்பு வரும். வெற்றிலையில் தடவுவதும் இதே சுண்ணாம்புதான். பூச்சுக்கும் சுதைக்கும் வெள்ளையடிக்கவும் இதற்கு ஈடில்லை. நிலத்தில் உருண்டை உருண்டையாகக் கிடைக்கும் சுக்கான்கல்லில் களிமண் கலந்திருக்கும். அதைச் சுட்டு வரும் சுண்ணாம்பு நிறம் மங்கல், ஆனால் ஈரத்திலும் ஓரளவு தானே இறுகும். அஸ்திவாரத்துக்கும் தடித்த சுவருக்கும் அது பொருத்தம். கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர்ப் பகுதி முழுக்கச் சுண்ணாம்புக் கல் படுகை. கல்லக்குடியில் 1939இல் டால்மியா சிமென்ட் ஆலை வந்ததும், 1953இல் அந்த ஊர்ப் பெயருக்காகப் போராட்டம் நடந்ததும் தமிழ்நாடு அறிந்த கதை. அதே கல்லைக் களிமண்ணோடு சேர்த்து 1450 டிகிரியில் சுட்டால் சிமென்டுக்கான கிளிங்கர். டெல்டாவின் வாசலிலேயே சிமென்ட் ஆலைகள் வந்து உட்கார்ந்தபின், சின்னச் சின்னக் காளவாய்கள் அணைந்துபோனதில் ஆச்சரியம் இல்லை.

தூய சுண்ணாம்பு தண்ணீருக்குள் இறுகாது. அதற்குச் செங்கல் பொடி, அதாவது சுர்க்கி சேர்த்தார்கள். அதிகம் வேகாத செங்கல்லை இடித்துச் சலித்த பொடியில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு சேர்ந்து, காற்று இல்லாமலே இறுகும். நன்றாக வெந்து கறுத்த கல்லின் பொடி இதற்கு ஆகாது. அது வெறும் மணலாகத்தான் கிடக்கும். ஆர்தர் காட்டன் 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும் கீழணையும் எழுப்பிய நாளில் போர்ட்லாந்து சிமென்ட் காப்புரிமை பெற்றே 12 வருஷம்தான் ஆகியிருந்தது. இன்று டெல்டாவில் சுர்க்கிக்கு ஒரு நல்ல துணை உண்டு: உமிச்சாம்பல். அளவான சூட்டில் எரித்த உமியின் சாம்பலில் பெரும்பகுதி வினைபுரியும் சிலிக்காதான். அரிசி ஆலைகள் அதைக் கொட்ட இடம் தேடுகின்றன.

கடுக்காய்க் கதை

பழைய கட்டடம் என்றால் உடனே "கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு போட்டுக் கட்டியது, அதனால்தான் நிற்கிறது" என்று ஆரம்பித்துவிடுவோம். இவற்றைச் சேர்த்தார்கள் என்பது உண்மைதான். ஒவ்வொன்றுக்கும் வேலையும் இருந்தது. வெல்லம் சுண்ணாம்பை நீரில் அதிகம் கரைய வைக்கும், இறுகுவதைத் தாமதப்படுத்தும்; வெயிலில் பூச்சு வெடிக்காமல் இருக்க அது உதவும். கடுக்காயின் துவர்ப்புச் சத்து கலவையை இழைவாக்கி, நீரைக் குறைத்துக் குழைக்க வழிசெய்யும். உளுந்துப் பசையும் கற்றாழையும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். முட்டை வெள்ளைக்கரு மெருகுப் பூச்சுக்கு வழவழப்பும் கொஞ்சம் நீர் ஒட்டாத தன்மையும் கொடுக்கும்.

ஆனால் இவையெல்லாம் கடைசிச் சேர்மானம். சரியாக நீறாத சுண்ணாம்பில் எவ்வளவு கடுக்காய்த் தண்ணீர் ஊற்றினாலும் பூச்சு பொரிந்துதான் கொட்டும். வெல்லம் கூடிப்போனால் சாந்து இறுகவே இறுகாது, எறும்பும் பூஞ்சையும் வரும். இதைச் சொல்லக் காரணம், இப்போது பழுதுபார்ப்பு வேலைகளில் கடுக்காய் ஊறும் தொட்டியைப் படம் எடுத்துப் போடுவது வழக்கமாகியிருக்கிறது. எனக்கு அந்தப் பக்கத்தில் சுண்ணாம்பு ஊறும் தொட்டி எங்கே இருக்கிறது, எத்தனை நாளாக ஊறுகிறது என்று பார்க்கத்தான் தோன்றும். சுட்ட சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் போட்டு நீற்றி (தண்ணீரைச் சுண்ணாம்பின்மேல் ஊற்றினால் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும்), சலித்து, குறைந்தது இரண்டு வாரமாவது நீருக்குள் மூழ்க வைத்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் இருந்தால் இன்னும் நல்லது. நீருக்குள் இருக்கும்வரை காற்றுப் படாது, இறுகாது. வெண்ணெயாகத் திரண்டு நிற்கும். கடையில் திறந்து கிடந்த பழைய மூட்டைச் சுண்ணாம்பு பாதி அங்கேயே கல்லாகியிருக்கும். அதில் எதுவும் ஒட்டாது.

மணலும் அதே அளவுக்கு முக்கியம். மணலின் இடைவெளி அதன் கொள்ளளவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. அதை நிரப்பத்தான் சுண்ணாம்பு. ஒன்றுக்கு மூன்று என்ற கணக்கு அங்கிருந்துதான் வருகிறது. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். பழைய நாளில் வட்டக் குழியில் மாடு பூட்டிக் கல் சக்கரத்தை ஓட்டி இந்தக் கலவையை அரைத்தார்கள். வெறும் மண்வெட்டியால் கிண்டினால் அந்த இழைவு வராது.

பழைய சாந்தைப் படிப்பது

வேலை தொடங்குமுன் சுவரில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். அடிபடாத உள்மூட்டு ஒன்றிலிருந்து நெல்லிக்காய் அளவு சாந்தை எடுத்து உடைத்துப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அவை முழுதாகக் கலக்காத சுண்ணாம்பு. இளஞ்சிவப்பாக இருந்தால் சுர்க்கி. நகத்தால் கீறினால் தடம் விழ வேண்டும். பிறகு எடை போட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துவிடும். அடியில் தங்குவதைக் கழுவிக் காயவைத்து மறுபடி எடை போட்டால் மணல் எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்று ஏறக்குறைய தெரிந்துவிடும். தங்கிய மணலின் நிறத்தையும் பருமனையும் பார்த்துத்தான் புது மணலைத் தேட வேண்டும். கிளிஞ்சல் துண்டு கரைந்துபோவதால் கணக்குக் கொஞ்சம் தப்பும், அதையும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் மூட்டைச் சுரண்டுவது. மூட்டின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழத்துக்கு, உளியும் சுத்தியும் வைத்துக் கையால். கிரைண்டர் வைத்தால் நேரம் மிச்சம். ஆனால் சக்கரம் செங்கல்லின் விளிம்பைத் தின்றுவிடும், அந்த விளிம்பு திரும்ப வராது. சுரண்டியபின் தூசியைத் தட்டி, தண்ணீர் தெளித்துச் செங்கல்லை நனைக்க வேண்டும். காய்ந்த செங்கல் சாந்திலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டால் ஒட்டாது. சாந்து தளதளவென்று இருக்கக் கூடாது, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். கரண்டியால் அடைத்து அடைத்து உள்ளே திணித்து, செங்கல் முகத்துக்குச் சற்று உள்ளடங்கி நிறுத்த வேண்டும். முகத்தின்மேல் வழித்துப் பூசினால் செங்கல்லின் ஓரமும் மூடிக்கொள்ளும், பார்க்கவும் அசிங்கம். கொஞ்சம் இறுகியதும் கெட்டியான தூரிகையால் குத்தி விட்டால் மேலே படிந்த சுண்ணாம்புப் பால் போய், மணல் தெரியும், துளையும் திறக்கும். பிறகு நனைத்த சாக்கு. ஒரு வாரம் பத்து நாள் அது காயாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பெரும்பாலான சுண்ணாம்பு வேலை தோற்பது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான், கலவையில் அல்ல.

பருவமும் கைகொடுக்க வேண்டும். அடைமழையில் துளையெல்லாம் நீர் நிரம்பியிருந்தால் கரியமில வாயு உள்ளே போக முடியாது, சாந்து பச்சையாகவே இருக்கும். கத்திரி வெயிலில் இறுகுமுன் காய்ந்து மாவாகும். தை முதல் பங்குனி வரை டெல்டாவில் இதற்கு நல்ல காலம்.

மாடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டைக்குத்து மாடி என்பது தேக்கு உத்திரத்தின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாக்கில் சாய்வரிசையாகச் சுண்ணாம்பில் பதித்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பாவியது. ஒழுகினால் இன்றைக்கு அதன்மேல் ஒரு அங்குலம், அது ஒழுகினால் இன்னொரு அங்குலம் என்று சிமென்ட் தளம் போட்டுக்கொண்டே போகிறார்கள். பாரம் ஏறுகிறது. அடைபட்ட ஈரம் உத்திரத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில் தேங்கி மரத்தை இற்றுப்போகச் செய்கிறது. ஒழுகும் இடத்தில் தட்டோடுகளைப் பெயர்த்து, ஜல்லியைக் கொத்தி, மறுபடி அடித்துப் போடுவதுதான் வழி.

கும்பாபிஷேகத் தேதி

கோயில் திருப்பணியில் பிரச்சினை வேறு. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்ற வழக்கம், பராமரிப்பு விதியாகப் பார்த்தால் மிக நல்ல ஏற்பாடு. அரசங்கன்றைப் பிடுங்க, காரையைப் பார்க்க, சுதையைத் திருத்த ஒரு கட்டாயம் கிடைக்கிறது. ஆனால் இன்று நாள் முதலில் குறிக்கப்பட்டுவிடுகிறது, நன்கொடை பிறகு வருகிறது, சாரம் கட்டும்போது மாதங்கள்தான் மிஞ்சியிருக்கும். சுண்ணாம்புக்குத் தேதி புரியாது. அவசரத்துக்குச் சிமென்ட் ஏறுகிறது. சுதைச் சிற்பத்தின் உடைந்த கை சிமென்டில் முளைக்கிறது. மேலே செயற்கை பெயின்ட் அடர்த்தியாக அடிக்கப்படுகிறது. அந்தப் பெயின்ட் ஒரு தோல் மாதிரி ஈரத்தை உள்ளே வைத்து மூடிக்கொள்வதால், சில வருஷத்தில் சுதையோடு சேர்ந்து பாளமாகக் கழன்று விழுகிறது.

அரசங்கன்றும் அப்படித்தான். மேலே தெரியும் செடியை வெட்டிவிட்டு அந்த இடத்தில் சிமென்டை அப்பினால், உள்ளே இருக்கும் வேர் வேறு பக்கம் கிளம்பும். கற்களைக் கழற்றியாவது வேரை எடுக்க வேண்டும். முடியாத இடத்தில் வேரைச் சாகடித்து, வெற்றிடத்தை நீர்த்த சுண்ணாம்புக் குழம்பால் கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்ப வேண்டும்.

முடியாத காரியம் ஒன்றுமில்லை. ஸ்ரீரங்கம் கோயில் திருப்பணிக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. கும்பகோணம் பக்கம் துக்காச்சி ஆபத்சகாயேசுவரர் கோயிலும் பின்னர் அந்த விருதைப் பெற்றது. தரங்கம்பாடியில் 2004 சுனாமிக்குப் பிறகு, மரபுச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு பழைய வீடுகளைச் சுண்ணாம்பிலேயே எடுத்துக் கட்டியது. இப்படிப்பட்ட இடங்களில் வேலை பார்த்த கொத்தனார்களுக்கும் சித்தாள்களுக்கும் கை பழகியிருக்கிறது. ஆனால் அடுத்த வேலை அவர்களுக்குப் பெரும்பாலும் ஏதோ ஒரு புது வீட்டில் சிமென்ட் பூச்சுதான். ஒப்பந்தப் புள்ளியில் சுண்ணாம்பு ஊறும் நாளுக்கும் சாக்கு நனைக்கும் ஆளுக்கும் ஒரு வரி ஒதுக்காதவரை, ஒப்பந்ததாரரைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. புதுக் கான்கிரீட் கட்டடத்தில் சிமென்டைக் குறை சொல்வதிலும் இல்லை. அது அதன் இடம்.

சொந்தமாக ஒரு பழைய வீடு இருந்து, கையில் பணமும் குறைவு என்றால் எங்கே தொடங்குவது? முதலில் மழைநீர்க் குழாய், தாழ்வாரத்துத் தூம்பு, சுவரோரம் தேங்கும் தண்ணீர். இவற்றைச் சரிசெய்தாலே பாதி ஓதம் குறையும். சுவரை ஒட்டி உயர்த்திப் போட்ட சிமென்ட் தரையை ஒரு அடி தள்ளி வெட்டி, மண் தெரிய விடலாம். அப்புறம் தை மாதத்தில் இடுப்பு உயரச் சிமென்ட் பூச்சைக் கையால் தட்டி எடுக்க வேண்டும். அது விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டு செங்கல் முகத்தையும் சேர்த்துப் பெயர்த்தால், அந்த இடத்தை மட்டும் விட்டுவிடலாம். எடுத்த இடத்தில் உடனே எதுவும் பூச வேண்டாம். ஒரு கோடை முழுக்கச் சுவர் வெறுமையாக நிற்கட்டும். உப்பு வெள்ளையாகப் பூத்து வரும். அதைக் காய்ந்த தூரிகையால் கூட்டி அள்ளி வெளியே கொட்ட வேண்டும், தண்ணீர் விட்டுக் கழுவினால் திரும்ப உள்ளேயே போய்விடும். பூப்பது குறைந்த பிறகு மூட்டு, அதன்பின் பூச்சு, கடைசியில் கிளிஞ்சல் சுண்ணாம்பில் வெள்ளை. அதற்குள் அக்கம்பக்கத்தார் கேட்பார்கள், ஏன் சுவரை இப்படிப் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று. காய்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.